இருளத்துக்கு ஒரு பழைய நூல்

இருளர் மொழின்னு சொன்னா சென்னீர்குப்பத்தில், "அவங்க தமிழ்தானே பேசறாங்க?"ன்னு கேட்பாங்க. நம்ம திருவள்ளூர்ப் பக்கத்து இருளர்கள் பேசுவது தமிழ்தான். நீலகிரியில் பேசப்படும் இருளம் தனி மொழி. நாக்கு வாயின் நடுவில் நின்று எழுப்பும் நடு உயிர்கள் அதில் உண்டு. தமிழில் அவற்றுக்கு எழுத்தே கிடையாது. தமிழெழுத்தில் எழுதினா சில சொற்களின் வேறுபாடு காணாமப் போயிடும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1978இல் ஆர். பெரியாழ்வாரின் இருள ஒலியனியல் நூலை வெளியிட்டது. (மொழியியல் துறைன்னா இலக்கணப் பிழை திருத்தும் இடம் இல்லை, காதில் விழுவதை அப்படியே பதிவு செய்யும் இடம்.) கணினி உலகில் இருளத்துக்கு 'ஐஆர்யு' என்ற ஐஎஸ்ஓ குறி இருக்கு. ஆனா பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் செய்ய, எந்த ஒலி மாறினா பொருள் மாறும்னு முதல்ல தெரியணும். அதுக்கு இந்த மாதிரி நூலைத்தான் திறக்கணும்.