மனோவசியத்தால் குற்றம் செய்விக்க முடியுமா?

"என்னை உற்றுப் பார்த்தான், பிறகு என்ன நடந்ததென்றே தெரியவில்லை. நானே வளையல்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டேன்." மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகர்க் கடைத்தெருக்களிலும் நகை இழந்த மூதாட்டியர் இவ்வாறு சொல்லி அழுவதை நாம் கேட்டிருக்கிறோம். 'ஹிப்னாடிசம் செய்துவிட்டான்' என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டுகின்றனர். 2011-இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' படத்தில் வில்லனின் பார்வை பட்டவரெல்லாம் கொலைவெறி கொண்டதைக் கண்டவர்களுக்கு இதில் வியப்பும் இராது.

மனோவசியம் என்பது கண்ணிலிருந்து பாயும் சக்தியன்று. இதை எடுத்துரைத்த முன்னோடி நம் நாட்டவரே. அதிலும் ஒரு குருவானவர். கோவாவின் கண்டோலிமில் 1756-இல் பிறந்த அருட்தந்தை ஃபாரியா, 1813-இல் பாரிஸ் நகரில் பலர் முன்னிலையில் இதைச் செய்து காட்டினார். துயில்பவரின் சொந்த மனமும் எதிர்பார்ப்புமே அந்நிலையை உண்டாக்குகின்றன என்றார். பாரிஸ் அவரை எள்ளி நகையாடியது. பிற்காலத்தில் மருத்துவம் அவர் சொன்னதையே ஏற்றது. பாப்பரசர் 12-ஆம் பத்திநாதரும் 1957-இல், தகுந்த மருத்துவர் நோயாளியின் நலனுக்காக இம்முறையைக் கையாள்வது தவறன்று என்று தெளிவுபடுத்தினார்.

குற்றத்தைப் பற்றிய வினா நீதிமன்றத்திலும் எழுந்ததுண்டு. 1951-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் ஹார்ட்ரப் என்பவன் வங்கி ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றான். சிறைத் தோழன் நீல்சன் தன்னை வசியப்படுத்தி ஏவினான் என்றான். நீல்சனுக்கு 1954-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. பல ஆண்டுகள் கழித்து, வசியக் கதை பொய்யென்று ஹார்ட்ரப்பே ஒப்புக்கொண்டான்!

இன்னும் கருதத்தக்கது ஆர்ன், எவன்ஸ் என்னும் உளவியலார் 1965-இல் வெளியிட்ட சோதனை. ஆழ்ந்த வசிய நிலையிலிருந்தவர்களிடம், எதிரே நிற்பவர் முகத்தில் அமிலத்தை வீசுமாறு கூறினர். 6 பேரில் 5 பேர் வீசினர்! (எவருக்கும் தீங்கு நேராதபடி மறைவான ஏற்பாடு இருந்தது.) ஆனால் வசியத்துக்கு ஆளானவர்போல் நடிக்கச் சொல்லப்பட்ட 6 பேரும் அவ்வாறே வீசினர். 'இத்தனை பெரியவர்கள் சொல்கிறார்கள், தீங்கு நேர விடமாட்டார்கள்' என்ற நம்பிக்கையே அவர்களை அசைத்தது.

நம் மாட வீதிக்குத் திரும்புவோம். காவலர் போல் கிராப்பு வெட்டிய ஒருவன், "அம்மா, முன்னால் கொலை நடந்திருக்கிறது, நகையைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வையுங்கள்" என்கிறான். உடன் வந்தவன் யாரோ வழிப்போக்கன் போலத் தன் சங்கிலியைக் கழற்றுகிறான். பாட்டியும் கழற்றுகிறார். மடித்துக் கொடுத்த பொட்டலத்தில் கூழாங்கற்கள். இதில் வசியம் எங்கே? அச்சமும் காக்கிச் சட்டையின் மீதுள்ள மரியாதையுமே உள்ளன. இன்று 'டிஜிட்டல் கைது' என்று தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிப்பவனும் அவற்றைத்தான் நம்பியிருக்கிறான். பலியாவோரில் நன்கு படித்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு.

பலர் 'வசியம்' என்று சொல்வதற்குக் காரணம், வீட்டில் மகனும் மருமகளும் ஏசுவார்களே என்ற கூச்சம்தான் என்பது நம் எண்ணம். அக்கூச்சத்தால் புகார் தாமதமாகிறது. சட்டத்தில் இது ஏமாற்றுதல். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை உண்டு. 'மயக்கிவிட்டான்' என்ற ஒரு சொல்லைக் கொண்டு காவல் நிலையத்தார் யாரைத் தேடுவர்? அவன் பேசிய பேச்சு, உடனிருந்தவனின் சட்டை நிறம், வந்த வண்டி ஆகியவற்றைப் பாட்டியிடம் பொறுமையாகக் கேட்டு, அன்றைக்கே எழுதிக் கொடுப்பது வீட்டார் செய்யக்கூடிய உதவி. பணம் தொலைபேசி வழியே போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவிக்கலாம்.