கூண்டு ஏறிய காலம், சார்ஜ் இறங்கும் காலம்

நாகப்பட்டினம் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான் அந்தக் காலத்துப் புயல் செய்தி. ரேடியோ வைத்திருந்தவர் கேட்டுச் சொல்ல, தெருவில் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போய், வேதாரண்யம் பக்கத்து உள்கிராமங்களுக்கு அது வந்து சேர்வதற்குள் சில சமயம் புயலே வந்துவிடும். 1977 நவம்பர் 12 அன்று நாகைக்குத் தெற்கே கரையேறிய புயலுக்குப் பெயர்கூடக் கிடையாது. வங்கக் கடல் புயல்களுக்குப் பெயர் வைப்பது 2004இல்தான் தொடங்கியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அதை இன்றைக்கும் ஊரில் ‘எழுபத்தேழு புயல்’ என்றுதான் சொல்கிறார்கள்.

2018 நவம்பர் 16 பின்னிரவில் ஏறக்குறைய அதே கரையில் கஜா ஏறியது. நாலைந்து நாளாகவே டிவியில் அதன் பாதையைக் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்கூட்டியே முகாம்களுக்குப் போய்விட்டார்கள். இறந்தவர்கள் நூறைத் தொடவில்லை. ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் புயல் கடந்த மறுநாள் காலையிலிருந்து கணக்கு திரும்பிவிடுகிறது.

அந்தக் காலத்தில் கரண்ட் போவது ஒரு சேதியே இல்லை. பாதி வீடுகளில் கரண்டே கிடையாது. கிணற்றில் ராட்டினமும் கயிறும், பரணில் காய்ந்த விறகும் வரட்டியும், குதிரில் நெல், மாடத்தில் அரிக்கேன் விளக்கு. ஐப்பசி அடைமழைக்கென்று புளி, மிளகாய், உப்பு, கருவாடு எல்லாம் முன்பே பானை ஏறியிருக்கும். புயலுக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, கீற்றுக் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டுவதைத் தவிர. வானம் மிரட்டினால் தெருவே ஒரு மெத்தை வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ போய் அடைந்துகொள்ளும். எதை எடுக்க வேண்டும், மாட்டை எப்போது அவிழ்த்துவிட வேண்டும் என்று ஏவியதெல்லாம் வீட்டுக் கிழவிதான்.

ஏவுவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது, 1952 புயலைப் பார்த்தவள் என்பதால். பேய்க்காற்று சட்டென்று நின்று, வெளியே வந்து பார்க்கலாம் போல அமைதியானால் கதவைத் திறக்காதே என்பாள். அது புயலின் கண். அது தாண்டியதும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும்; முதல் காற்றில் வேர் இளகிய மரம் அப்போதுதான் சாயும். பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்த பாடம்.

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. உள்ளடங்கிய ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. இப்போது அந்தக் கிழவியின் மகளே கிழவி. இருப்பது கான்கிரீட் வீடு, கூரை பறக்காது. மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். கிணற்றைத் தூர்த்தாகிவிட்டது, மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். ஊர்த் தொட்டிக்கும் அதே கதி. ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துத்தான் பல ஊர்களில் தொட்டியை நிரப்பினார்கள். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. செல்போன் கோபுரத்து பேட்டரி சில மணி நேரத்தில் அடங்கிவிட, தவித்துப்போய் மகன் அடிக்கும் போன் எங்கேயும் மணியடிப்பதில்லை.

இப்போதைய கிழவியின் உயிரோ இன்சுலினாக ஃபிரிட்ஜுக்குள் இருக்கிறது. கரண்ட் போனதும் இன்சுலினைக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு, ஐஸ்கட்டிக்குள் புதைத்து உறைய வைத்துக் கெடுக்கிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாத வேலை. பெரும்பாலான இன்சுலின்கள், வெயிலும் வெக்கையும் படாமல் வைத்தால், வெளியிலேயே நாலு வாரம் போலத் தாங்கும். எந்த வகை எத்தனை நாள் என்பதை மருந்துக் கடையில் முன்பே கேட்டு டப்பாவில் எழுதி வைக்கலாம். பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, ஈரத்துணி போர்த்தி நிழலில் வைத்தால் உள்ளே ஓரளவு குளிர்ச்சி நிற்கும். ஆக்ஸிஜன் கருவியில் இருப்பவருக்கு இந்த வசதி இல்லை. சாதாரண இன்வெர்ட்டர் அதை வெகுநேரம் இழுக்காது. நிரப்பிய சிலிண்டர் ஒன்று கைவசம் வேண்டும், இல்லையென்றால் எச்சரிக்கை வந்த அன்றே ஆஸ்பத்திரி இருக்கும் ஊருக்குக் கிளம்பிவிட வேண்டும். ஒரு மாத மாத்திரை, குடத்திலும் அண்டாவிலும் தண்ணீர், ஏடிஎம் ஓடாது என்பதால் சில்லறை நோட்டு, போனுக்குள் மட்டும் இருக்கும் எண்களின் காகிதப் பிரதி. இவைதான் இன்றைய குதிரும் பரணும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 அந்தக் காகிதத்தில் இருக்கட்டும். அதற்கும் மேலே எழுத வேண்டியது நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒருவரின் பெயர்.

முகாம்களைப் பற்றி ஒன்று. ‘கிழடுகள் பிடிவாதம், கூப்பிட்டால் வருவதில்லை’ என்று அதிகாரிகள் அலுத்துக்கொள்வதுண்டு. முட்டி மடங்காதவருக்குத் தரையில் பாய். இரவில் நாலு தடவை எழுந்து போக வேண்டியவருக்கு மைதானத்தைத் தாண்டிக் கழிப்பறை, அதுவும் குத்தவைத்து உட்காருவது. மருமகன் முறை உள்ளவர்கள் நடுவில் படுக்க வேண்டிய கூச்சம் வேறு. பத்து பிளாஸ்டிக் நாற்காலி, உட்கார்ந்து போகும் கழிப்பறை ஒன்று, பெண்களுக்கு ஒரு மறைப்பு: இவை இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பாட்டியைக் கூப்பிட்டுப் பாருங்கள். எழுபத்தேழு புயலில் தாய் பிடித்து இழுத்துப்போன கை அது, இழுத்தால் வரும்.