படிக்கிறோம், பேசுகிறோம்... ஏன் எழுதுவதில்லை?

சுங்கை சிப்புட்டைப் பற்றி இணையத்தில் ஒரு செய்தி வந்தால் போதும், அரை மணி நேரத்தில் ஊர்ப் புலனக் குழுக்களை எல்லாம் சுற்றி வந்துவிடும். ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறுவதற்குள் நாலு பேர் அதை நாலு விதமாக அலசிவிடுவார்கள். ஆனால் அந்தச் செய்தியின் கீழே போய்ப் பாருங்கள். இரண்டு சிரிப்புப் பொம்மை, ஒரு வசவு. அவ்வளவுதான்.

வானொலியிலும் இதே கதைதான். நேரலையில் கருத்துக் கேட்டால், அழைப்பவர்கள் பெரும்பாலும் பழகிய குரல்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் குரல்பதிவுகள் வரும். "ஏம்மா, என் பேரு மட்டும் வேணாம்மா. ஆனா நடந்தது இதுதான்..." அன்றைக்குக் கிடைத்த ஆக நல்ல தகவல் அதில்தான் இருக்கும்.

நாம் மட்டும் இப்படியில்லை. அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆர்., 2016 ஆகஸ்டில் தன் அகப்பக்கத்தின் வாசகர் கருத்துப் பகுதியையே மூடிவிட்டது. அதற்கு முந்திய ஜூலையில் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் பேர் அந்தப் பக்கத்துக்கு வந்திருந்தார்கள். கருத்து எழுதியவர்களோ 19,400 பேர்தான். பத்தாயிரம் பேரில் ஆறு பேர்!

மற்றவர்களுக்குக் கருத்தே இல்லையா? இருக்கிறது. எழுதாததற்குக் காரணமும் இருக்கிறது. சின்ன ஊரில் பேர் போட்டு ஒரு குறையை எழுதினால், மறுநாள் சந்தையில் சம்பந்தப்பட்டவரின் மாமியாரே எதிரில் வருவார். பிள்ளையின் வேலை, கோயில் நிர்வாகம், அடுத்த கல்யாணம் என்று மனம் கணக்குப் போடும்.

இந்த மண்ணில் பயத்துக்கு வயதும் அதிகம். 1948 ஜூன் 16ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் ஐரோப்பிய அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. விசாரணையின்றி ஆளைத் தடுத்து வைக்கலாம் என்றிருந்த காலம் அது. வாயைத் திறந்தால் வம்பு என்பது அந்தத் தலைமுறைக்கு வெறும் பேச்சில்லை.

இன்றைய தலைமுறைக்கு வேறொரு பாடம் கிடைத்தது. 2021 பிப்ரவரி 19ஆம் தேதி, கூட்டரசு நீதிமன்றம் மலேசியாகினி செய்தித் தளத்துக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அவர்கள் எழுதிய செய்திக்காக அல்ல. 2020 ஜூனில் ஒரு செய்தியின் கீழே, நீதித்துறையைப் பற்றி வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக. தளத்தை நடத்துபவரையே வெளியிட்டவராகக் கருத, 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு இடம் தருகிறது. ஏழு நீதிபதிகளில் நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். தலைமை ஆசிரியர் ஸ்டீவன் கான் குற்றவாளியல்ல என்று விடுவிக்கப்பட்டார்.

நான் தட்டிவிடும் ஒரு வரிக்கு இன்னொருவர் தண்டம் கட்டுவார் என்றால், எழுதுமுன் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் யோசிப்பது வேறு, ஒதுங்கிக்கொள்வது வேறு. அன்றே அபராதத்துக்கு நிதி கேட்டது மலேசியாகினி. சில மணி நேரத்தில் முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. சத்தமில்லாமல் படிப்பவர்களை அக்கறையில்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

அதே சமயம், நாம் ஒதுங்கினால் அந்த ஆறு பேரின் குரலே ஊரின் குரலாகிவிடும். மூடப்பட்ட ஒரு தோட்டத்தைப் பற்றிச் செய்தி வருகிறது என்று வையுங்கள். கோயில் எந்த மேட்டில் இருந்தது, தமிழ்ப்பள்ளி எந்த ஆண்டு இடம் மாறியது, லயத்தை விட்டுப் போகும்போது யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கே பால்மரம் சீவியவருக்குத் தெரியும். நிருபருக்குத் தெரியாது. அவர் சொல்லாமல் விட்டால் அது அவரோடு போய்விடும்.

ஆகவே, கோபத்தை எழுதுவதைவிடத் தெரிந்ததை எழுதுங்கள். எந்த இடம், எப்போது, கண்ணால் கண்டது என்ன என்ற மூன்றும் இருந்தால் போதும். கேள்விப்பட்டதையும் ஆளைத் திட்டும் சொல்லையும் விட்டுவிடுங்கள். பேர் வெளியே தெரிய வேண்டாம் என்றால், ஆசிரியருக்குத் தனியாக எழுதி, பேரை மறைத்து வெளியிடச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.