ஒரு கிளப் எப்போ ஊருக்குச் சொந்தமாகுது? கிளாஸ்கோ செல்டிக்கும் நம்ம சென்னை சிட்டியும்

தேவாரத்துல இருந்து பேசுறோம். போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி அனுப்பியிருந்தீங்க. "ஐ-லீக் ஜெயிச்ச தமிழ்நாட்டு கிளப் எங்கே போச்சு?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் சொல்ல நாம முதல்ல ஸ்காட்லாந்துக்கு ஒரு எட்டு போயிட்டு வரணும். ஏன்னு போகப் போகப் புரியும்.

மலைக்கு மேல ஒரு ஸ்காட்லாந்து

ஸ்காட்லாந்துன்னதும் ரொம்ப தூரம்னு நினைக்காதீங்க. நமக்கு மேற்கே இருக்கிற மலையில ஏறினா, மூணாறு தேயிலைத் தோட்டங்கள்ல பெரும்பகுதி ஒரு காலத்துல கிளாஸ்கோ நகரத்து கம்பெனி கையில இருந்தது. ஜேம்ஸ் பின்லே கம்பெனி. அவங்க முதலீட்டுல கண்ணன் தேவன் மலை கம்பெனி 1897-ல் உருவானது. டாப் ஸ்டேஷன்ல இருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயில தேயிலை இறங்கி, போடி வழியா வெளியூர் போனது. தோட்ட வேலைக்கு ஏறினவங்கள்ல பெரும்பாலானவங்க தமிழங்க.

அந்தக் கம்பெனி விட்டுட்டுப் போன ஒரு விஷயம் இன்னைக்கும் இருக்கு: பின்லே ஷீல்டு. 1941-ல் தொடங்கின கால்பந்துப் போட்டி. எஸ்டேட்டுக்கு எஸ்டேட் மோதும். பின்லே போய், டாடா வந்து, 2005-ல் தொழிலாளர்களே பங்குதாரர்களா இருக்கிற கம்பெனி வந்தாச்சு. ஆனா ஷீல்டுக்குப் பேர் மாறலை. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசியில இதுக்குத் திரும்ப வருவோம்.

பசியில பிறந்த கிளப்

இப்போ கிளாஸ்கோ. 1840-களின் பாதியில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி பெரும் பஞ்சம் வந்தது. லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அதில் ஒரு பெரிய கூட்டம் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் போய்ச் சேர்ந்தது. கூலி கம்மி, வீடு நெரிசல். போன இடத்தில் பெரும்பான்மை புராட்டஸ்டன்ட். வந்தவர்களில் பெரும்பாலானோர் கத்தோலிக்கர். "நம்ம வேலையைப் பிடுங்க வந்தவங்க" என்ற பேச்சும் கூடவே வந்தது. பிழைக்கப் போன ஜனங்களோட கதை எந்த ஊரிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்.

அங்கே வால்ஃபிரிட் என்ற துறவி பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். மரிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், அயர்லாந்தின் ஸ்லைகோ பக்கத்துக்காரர். பசியோட வர்ற பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடணும், அதுக்குக் காசு வேணும். எடின்பரோவில் ஐரிஷ்காரங்க நடத்திய ஹிபர்னியன் கிளப் நல்ல கூட்டம் சேர்ப்பதைப் பார்த்தார். 1887 நவம்பரில், செயின்ட் மேரி சர்ச் ஹாலில் கூடி செல்டிக் கிளப்பை ஆரம்பித்தார்கள். முதல் ஆட்டம் 1888 மே 28. எதிரணி யாருன்னு பாருங்க: ரேஞ்சர்ஸ். செல்டிக் 5-2 என ஜெயித்தது. பிற்காலத்தில் உலகத்தின் கடுமையான பகைகளில் ஒன்றாக ஆன அந்த ஜோடியின் முதல் சந்திப்பு ஒரு நட்பு ஆட்டம்!

"செல்டிக்" என்ற பேரைக் கவனிங்க. ஐரிஷ் என்று மட்டும் வைக்கவில்லை. கெல்ட் இனம் அயர்லாந்துக்கும் பொது, ஸ்காட்லாந்துக்கும் பொது. வந்த ஊரையும் வாழ்ற ஊரையும் ஒரே சொல்லில் கட்டினார்கள்.

பச்சை வெள்ளைக்குள்ள யாருக்கெல்லாம் இடம்?

இங்கே ஒரு தப்பான எண்ணம் பரவலா இருக்கு. செல்டிக் கத்தோலிக்கர்களுக்கு மட்டுமான கிளப் என்று. ரசிகர்களில் பெரும்பான்மை அப்படி இருந்தாலும், ஆட்டக்காரர்களை மதம் பார்த்து எடுக்கலை. 1967-ல் இன்டர் மிலானை லிஸ்பனில் 2-1 என வீழ்த்தி, ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணியானது செல்டிக். அதன் மேனேஜர் ஜாக் ஸ்டீன் ஒரு புராட்டஸ்டன்ட், முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அன்று ஆடிய 11 பேரும் செல்டிக் மைதானத்திலிருந்து சுமார் 30 மைல் வட்டத்துக்குள் பிறந்தவர்கள். நம்ம கணக்குல சொன்னா, கம்பம், சின்னமனூர், போடி, தேனி பசங்களை மட்டும் வெச்சு ஐரோப்பாவை ஜெயிச்ச மாதிரி.

இந்தக் கதையில் நம்ம நாட்டுக்காரர் ஒருவரும் உண்டு. கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங்கின் முகமது சலீம், 1936-ல் கிளாஸ்கோ போனார். பூட்ஸ் போடாமல், காலில் துணிக்கட்டு சுற்றிக்கொண்டு செல்டிக் சட்டையில் ஆடினார். பத்திரிகைகள் அவர் கால் வித்தையைக் கொண்டாடின. ஊர் ஞாபகம் தாங்காமல் அவரே திரும்பி வந்துவிட்டார்.

காசு வந்தா என்ன ஆகும்?

எல்லாம் புனிதமான கதைன்னு சொல்ல வரலை. 1892-ல் வால்ஃபிரிட் லண்டனுக்கு மாற்றப்பட்டார். 1897-ல் செல்டிக் லிமிடெட் கம்பெனி ஆனது. அதாவது, மேலே மூணாறுல கண்ணன் தேவன் கம்பெனி உருவான அதே வருஷம். சாப்பாட்டுக்காக ஆரம்பித்த கிளப்பில் தர்மம் பின்னுக்குப் போய், லாபம் முன்னுக்கு வந்தது.

1994 மார்ச்சில் கடன் கழுத்தை நெரித்தது. வங்கி கதவை இழுத்து மூட சில மணி நேரம் இருக்கும்போது, கனடாவில் தொழில் செய்துவந்த ஃபெர்கஸ் மெக்கான் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிளப்பை எடுத்தார். அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். பங்குகளை ரசிகர்களிடம் விற்றார். ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள் வாங்கினார்கள். அந்தப் பணமும் சேர்ந்து சுமார் 60,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் எழுந்தது. இன்றைக்கும் கிளப் முழுக்க ரசிகர் கையில் இல்லை, பெரிய பங்குதாரர்கள் உண்டு. ஆனா மூழ்கப் போகும்போது கை கொடுக்க ஒரு கூட்டம் இருந்தது. நூறு வருஷமா தலைமுறை தலைமுறையா சேர்ந்த கூட்டம்.

இப்போ நம்ம கதை

சென்னை சிட்டி எஃப்.சி. 1946-ல் தொடங்கின பழைய சென்னை கிளப். 2016-17 சீசனில் ஐ-லீக்குக்குள் வந்தது. பேர் சென்னை, ஆனா சாம்பியன் ஆனப்போ ஹோம் கிரவுண்டு கோவை நேரு ஸ்டேடியம். முதல் இரண்டு சீசனும் பட்டியலின் கீழ்ப் பாதி.

மூன்றாவது சீசன், 2018-19. பயிற்சியாளர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். கோல் அடிக்க பெட்ரோ மான்சி, மொத்தம் 21 கோல். கூடவே எட்வின் வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம்ம பசங்க. 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். கோவையில் மினர்வா பஞ்சாப் மூணாவது நிமிஷமே கோல் போட்டது. அதே நேரத்தில் வேற மைதானத்தில் ஈஸ்ட் பெங்கால் காத்திருக்குது. மான்சி பெனால்டியில் சமன் செய்ய, டிஃபென்டர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளியில் தமிழ்நாட்டு கிளப் ஐ-லீக் சாம்பியன்!

அதுக்கப்புறம்? அந்த வருஷமே ஐ.எஸ்.எல். நாட்டின் முதல் நிலை லீக் ஆனது. ஐ-லீக் ஜெயிச்சாலும் மேலே போக அப்போ வழி கிடையாது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. ஆனா ஜெயிச்ச அணி ஒன்றாக நிற்கவில்லை. எட்வின் சென்னையினுக்கும், ஜேசுராஜ் கோவாவுக்கும், மான்சி ஜப்பானுக்கும் போனார்கள். கொரோனா வந்து மைதானத்தைக் காலியாக்கியது. 2020-21 தான் அவர்களுடைய கடைசி ஐ-லீக் சீசன். கோப்பை வாங்கி இரண்டே வருஷம்.

வித்தியாசம் எங்கே?

ஆட்டத்தில் குறை இல்லை. கிளாஸ்கோ பணக்கார ஊர், நம்மது ஏழை ஊர் என்றும் தட்டிக்கழிக்க முடியாது. செல்டிக் ஆரம்பிச்சதே கஞ்சிக்கு வழியில்லாதவங்களுக்காக. லீக் அமைப்பு நம்ம கிளப்புக்கு எதிரா இருந்தது உண்மை. அது பாதிக் காரணம்.

மீதிப் பாதி வேர். கோவை ஜனங்க கூட்டமா வந்தாங்க, கத்தினாங்க. ஆனா "இது நம்ம கிளப்"ன்னு சொல்லிக்க பேரிலும் கோவை இல்ல, பங்கிலும் கோவை இல்ல. சென்னைக்காரங்களுக்குப் பேர் இருந்தது, மைதானம் இல்ல. அவங்க ஊரில் சென்னையின் எஃப்.சி. ஏற்கெனவே இரண்டு தடவை ஐ.எஸ்.எல். ஜெயிச்சிருந்தது. பிடிச்சு வளர மூணு வருஷம் போதாது. முதலாளிக்கு முடியாமல் போகும்போது பொறுப்பெடுக்க ஒரு கூட்டம் உருவாக நேரமே கிடைக்கலை.

இப்போ பின்லே ஷீல்டை நினைச்சுப் பாருங்க. அதுவும் முதலாளி ஆரம்பிச்சதுதான். ஆனா அப்பா ஆடின எஸ்டேட்டுக்கே மகன் ஆடுறான், லயத்துல இருக்கிறவங்க எல்லாம் வந்து பார்க்குறாங்க. முதலாளி மாறியும் அது நிக்குது.

நம்ம பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிப் போற குடும்பத்துப் பசங்க சாயங்காலம் பந்து உதைக்கிறதைப் பார்க்குறோம். அவங்க டீமுக்கு ஜெர்சி வாங்கித் தர ஸ்பான்சர் கிடைப்பார். நல்லது, வாங்கிக்கோங்க. ஆனா ஸ்பான்சர் பேரு முதுகுல இருக்கட்டும், ஊர் பேரு நெஞ்சுல இருக்கட்டும். வருஷத்துக்கு வீட்டுக்கு பத்து ரூபாயாவது சந்தா பிரிங்க, கணக்கை எல்லோர் முன்னாடியும் படிங்க, போன வருஷம் ஆடினவரை இந்த வருஷம் சின்னப் பசங்களுக்குப் பழக்க வையுங்க. கிளப் அப்படித்தான் ஊருக்குச் சொந்தமாகும்.

உங்க ஊர்ல பழைய டீம் ஏதாவது இருந்தா, எந்த வருஷம் தொடங்கினது, யார் தொடங்கினதுன்னு எங்களுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.