அம்மாவுக்குள்ள ஒரு ஃபுளோரின்: பெட் ஸ்கேன் எப்படி வேலை செய்யுது?

(எபிசோடில் பேசியதன் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. கேட்டது எங்க அம்மா.

சில மாசம் முன்னாடி அம்மாவுக்கு பெட் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. கேன்சர் ட்ரீட்மென்ட் வேலை செஞ்சிருக்கான்னு பார்க்கறதுக்காக. மதியம் 12:40-க்கு ஊசி போட்டாங்க. எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போது நர்ஸ் சொன்னாங்க: "நிறைய தண்ணி குடிங்கம்மா. இன்னைக்கு சின்னக் குழந்தைங்க, கர்ப்பிணிங்க பக்கத்துல இருக்காதீங்க."

வீட்டுல அக்காவோட ஒன்றரை வயசுப் பொண்ணு இருக்கா. கார்ல ஏறினதும் அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "நாளைக்குக் காலைல பாப்பாவைத் தூக்கலாமாடா?"

"தூக்கலாம்மா"ன்னு சொல்லிட்டேன். "எப்படிடா சொல்ற?"ன்னு கேட்டப்போ மாட்டிக்கிட்டேன். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் பதில் இல்லை. அன்னைக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சதுதான் இந்த எபிசோட்.

ஊசியில என்ன இருந்தது?

கிட்டத்தட்ட சர்க்கரைதான். குளுக்கோஸ் மூலக்கூறுல ஒரு இடத்துல ஃபுளோரின் அணுவைப் பொருத்தியிருப்பாங்க. பேரு எஃப்டிஜி. பல வகை கேன்சர் செல்கள் சாதாரண செல்லை விட அதிகமா சர்க்கரையை இழுக்கும். அப்போ ஃபுளோரினும் அங்கே போய்ச் சேரும். ஸ்கேனுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாதுன்னு சொல்றதும், சுகர் லெவல் பார்க்கறதும் இதனாலதான். ரத்தத்துல ஏற்கெனவே நிறைய சர்க்கரை இருந்தா இது போட்டியில தோத்துடும்.

டூத்பேஸ்ட்ல இருக்கற சாதாரண ஃபுளோரின் அணுவுல 9 புரோட்டான், 10 நியூட்ரான். ஊசியில இருந்த ஃபுளோரின்-18ல 9 புரோட்டான், 9 நியூட்ரான். ஒரே ஒரு நியூட்ரான் கம்மி. வேதியியலைத் தீர்மானிக்கறது வெளியே இருக்கற எலக்ட்ரான்கள்; அது ரெண்டுலயும் 9 தான். அதனால உடம்புக்கு வித்தியாசமே தெரியாது. ஆனா உள்ளே அணுக்கருவுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. ஒரு கட்டத்துல ஒரு புரோட்டான் நியூட்ரானா மாறி, பாசிட்ரான்னு ஒரு துகளை வெளியே தள்ளும். எலக்ட்ரான் மாதிரியேதான், ஆனா பாசிட்டிவ் மின்சுமை.

இப்போ மிச்சம் என்ன? 8 புரோட்டான், 10 நியூட்ரான். அதாவது ஆக்சிஜன்-18. கதிரியக்கமே இல்லாத, நிலையான ஆக்சிஜன். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, இந்த ஃபுளோரினைத் தயாரிக்கறதே ஆக்சிஜன்-18 இருக்கற தண்ணி மேல சைக்ளோட்ரான்ல புரோட்டான்களை மோதவிட்டுத்தான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிடுது.

எப்போ சிதையும்?

ஒரு தனி அணு எப்போ சிதையும்னு யாராலயும் சொல்ல முடியாது. அணுவுக்கு வயசே ஆகாது. போன் பேட்டரி பழசாக ஆக வீக் ஆகும். ஆனா மூணு மணி நேரம் தாக்குப்பிடிச்ச ஃபுளோரின்-18 அணுவுக்கும் இப்போதான் உருவான அணுவுக்கும், அடுத்த 110 நிமிஷத்துல சிதையற வாய்ப்பு ஒண்ணேதான்: பாதிக்குப் பாதி.

ஆனா கோடிக்கணக்குல சேர்ந்தா கணக்கு கச்சிதம். நம்ம சர்வர் மாதிரி. ஒரு யூசர் எப்போ கிளிக் பண்ணுவார்னு தெரியாது. பத்து லட்சம் பேர் வந்தா லோடு எவ்வளவுன்னு கிராஃப் போட்டுடலாம். இந்த 110 நிமிஷத்துக்குப் பேர்தான் அரை ஆயுள். இந்த மருந்தை வாங்கி ஃபிரிட்ஜ்ல வைக்க முடியாது. ஸ்கேன் நேரத்தைத் தவறவிடாதீங்கன்னு அவ்வளவு கறாரா சொல்றதுக்கு இதுவும் காரணம்.

படம் எப்படி வருது?

பாசிட்ரான் வழக்கமா ஒரு மில்லிமீட்டர் அளவு போறதுக்குள்ள ஒரு எலக்ட்ரானைச் சந்திக்கும். ரெண்டுமே காணாமப் போயிடும். அதுங்களோட நிறை, ரெண்டு ஃபோட்டானா எதிரெதிர் திசையில கிளம்பும். சுத்தி இருக்கற வளையத்துல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல அடி விழுந்தா, அந்த ரெண்டு புள்ளிக்கு நடுவுல ஒரு கோடு. இப்படி லட்சக்கணக்கான கோடுகளை வெச்சு கம்ப்யூட்டர் படம் போடுது.

ஒளி பொட்டலம் பொட்டலமா வருதுன்னு 1905-ல ஐன்ஸ்டைன் சொன்னார். ஆபத்தான்னு பார்க்க, எத்தனை பொட்டலம்னு மட்டும் கேட்டா போதாது; ஒரு பொட்டலத்துல எவ்வளவு ஆற்றல்ங்கறதுதான் முதல் கேள்வி. ஒரு அணுவுல இருந்து எலக்ட்ரானைப் பிய்க்க சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் வேணும். கண்ணுக்குத் தெரியற ஒளியில ஒரு ஃபோட்டானுக்கு 2, 3தான். வைஃபைல ஒரு எலக்ட்ரான் வோல்ட்டோட லட்சத்துல ஒரு பங்கு. அம்மாவுக்குள்ள இருந்து வந்த ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் 5,11,000.

ராத்திரி ரேடியேஷன்னு சொல்லி வைஃபையை ஆஃப் பண்ற எங்க அம்மா, அன்னைக்கும் மறக்காம ஆஃப் பண்ணாங்க!

அதுக்காக பெட் ஸ்கேனைப் பார்த்துப் பயப்படணுமா? இயற்கையா நமக்குக் கிடைக்கற கதிர்வீச்சு, உலக சராசரி, வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். வழக்கமான ஒரு எஃப்டிஜி ஊசியில சுமார் 7. கூட எடுக்கற சிடி தனிக் கணக்கு. பூஜ்யம் இல்லை. ஆனா கேன்சர் இன்னும் இருக்கான்னு தெரியாம இருக்கறது அதைவிடப் பெரிய ரிஸ்க். அம்மாவுக்கு அந்தக் கணக்கு சரி. பாப்பாவுக்கு இதுல எந்த லாபமும் இல்லை, அதனாலதான் தள்ளி இருக்கச் சொன்னாங்க.

இப்போ அம்மாவோட கேள்வி. பத்து அரை ஆயுள்னா 1100 நிமிஷம், 18 மணி 20 நிமிஷம். 12:40-ல இருந்து கூட்டினா மறுநாள் காலை 7 மணி. பத்து தடவை பாதியாக்கினா 1024-ல ஒரு பங்கு. குடிச்ச தண்ணியோட சிறுநீர்ல வெளியேறினதைக் கழிச்சா இன்னும் கம்மி.

7 மணிக்கு இதைச் சொல்லலாம்னு நோட்டோட ஹாலுக்கு வந்தேன். அம்மா 6:45-க்கே பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு பால்கனியில காக்கா காட்டிட்டு இருந்தாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.