பழகிப்போன வெயில்

ஜப்பானின் நாகானோ மலைப்பகுதியில் சுவா என்றொரு ஏரி இருக்கிறது. ஜனவரி முதல் வாரம் வந்துவிட்டால், விடியுமுன்பே அதன் கரையில் சிறு கூட்டம் கூடிவிடும். யாட்சுருகி கோயில் பூசாரியும் அவரோடு சில ஊர்க்காரர்களும். தண்ணீரில் வெப்பமானியை விட்டுப் பார்ப்பார்கள். ஏரி உறைந்திருந்தால் பனிக்கட்டியை வெட்டியெடுத்து அதன் கனத்தை அளப்பார்கள். பிப்ரவரி தொடக்கம் வரை தினமும் இதே வேலை.

அவர்களுக்கு இது வழிபாட்டோடு சேர்ந்தது. தென்கரையில் குடியிருக்கும் ஆண் தெய்வம், உறைந்த ஏரியின்மேல் நடந்து வடகரையிலுள்ள தேவியைப் பார்க்கப் போவதாக நம்பிக்கை. போன தடமும் கண்ணுக்குத் தெரியும். பனிப்பரப்பு நெடுகப் பிளந்து, அந்தப் பிளவின் ஓரம் முகடாக எழுந்து நிற்கும்; அதை ‘ஓமிவதாரி’ என்பார்கள். இரவுக் குளிரில் பனிக்கட்டி சுருங்கி விரிசல் விடுகிறது. விரிசலில் ஏறும் தண்ணீரும் உறைந்துவிடுகிறது. பகலில் கொஞ்சம் சூடேறிப் பனிப்பரப்பு விரியும்போது, விரிய இடமில்லாமல் அந்த இடம் மேலே பிதுங்குகிறது. முகடு போகும் திசையைப் பார்த்து அந்த ஆண்டின் விளைச்சலுக்குக் குறி சொல்வதும் உண்டு.

தெய்வம் என்றைக்கு ஏரியைக் கடந்தது என்பதை 1443ஆம் ஆண்டிலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்குவதற்கு அரை நூற்றாண்டு முந்தைய காலம் அது. கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்னா சர்மா உள்ளிட்ட ஆய்வாளர்கள் இந்தக் குறிப்புகளை அலசி 2016இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் 250 ஆண்டுகளில் ஏரி உறையாமல் போனது மூன்றே முறை. 1955 முதல் 2004 வரையான 50 ஆண்டுகளில் 12 முறை. அதற்கடுத்த 10 ஆண்டுகளில் மட்டும் 5 முறை. ஓமிவதாரி கடைசியாக எழுந்து நின்றது 2018 குளிர்காலத்தில். அதன்பிறகு பல ஆண்டுகளாகத் தெய்வம் ஏரியைக் கடக்கவில்லை.

கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுமையாகப் பூக்கும் நாளுக்கும் இப்படிப் பழைய கணக்கு இருக்கிறது. அரசவையினரும் துறவிகளும் எழுதிய நாட்குறிப்புகளைத் தேடித் தேடி, கி.பி. 812 வரை பின்னோக்கிப் போய் ஒரு பட்டியல் தயாரித்தார் ஒசாகாப் பேராசிரியர் யாசுயுகி அவோனோ. 2021இல் அங்கே மார்ச் 26ஆம் தேதியே மரங்கள் முழுமையாகப் பூத்துவிட்டன. அதுவரையிலான 1,200 ஆண்டுப் பட்டியலில் அத்தனை சீக்கிரம் பூத்ததே இல்லை. கட்டடங்கள் பெருகிய நகரத்துச் சூட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பூமி சூடேறாமல் இவ்வளவு தூரம் நகர்ந்திருக்காது.

எழுதி வைத்தவர்களால்தான் இதெல்லாம் தெரிகிறது. எழுதி வைக்காத மற்றவர்களின் நிலை என்ன? அமெரிக்காவில் பிரான்சஸ் மூர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 2014 முதல் 2016 வரை மக்கள் ட்விட்டரில் போட்ட 200 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளில், வானிலையைப் பற்றிப் பேசியவற்றைப் பிரித்தெடுத்தார்கள். வழக்கமில்லாத வெயிலோ குளிரோ வந்தால் முதலில் நிறையப் பேர் பேசுகிறார்கள். அதே வெயில் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வந்தால் பேச்சு ஓய்ந்துபோகிறது. மக்கள் ‘வழக்கம்’ என்று மனதில் வைத்திருப்பது கடந்த இரண்டு முதல் எட்டு ஆண்டு வானிலையைத்தான் என்று 2019இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: பேச்சு குறைந்தாலும் வெயில் தரும் எரிச்சலும் சோர்வும் குறையவில்லை. உடம்பு படுகிறது, மனம் மறந்துவிடுகிறது.

நம்மூரிலும் இதைக் கேட்கலாம். “கத்திரியில் வெயில் அடிக்காமல் வேறென்ன அடிக்கும்?” என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்து நடப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எதையும் மறுக்கவில்லை, பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்து. கட்டட வேலையிலும் வயல் வேலையிலும் இருப்பவர்கள் உச்சிவெயிலில் சுருண்டு விழுவதை ‘வெயில் காலம்தானே’ என்று கடந்துபோக முடியாது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் தந்த இடத்தை வெயிலுக்கும் தந்தது பெரிய மாற்றம்.

பூமி சூடேறுவதையே மறுப்பவர்களும் இல்லாமல் இல்லை. 2015 பிப்ரவரியில் அமெரிக்க செனட் சபைக்குள் ஜேம்ஸ் இன்ஹோஃப் என்ற உறுப்பினர் ஒரு பனி உருண்டையைக் கொண்டுவந்து காட்டினார்; வெளியே இவ்வளவு குளிர்கிறதே என்றார். அதற்கு முந்தைய 2014ஆம் ஆண்டுதான் அதுவரை பதிவானதிலேயே வெப்பமான ஆண்டு என்று நாசா அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த இடத்தையும் பிந்தைய ஆண்டுகள் பறித்துக்கொண்டன. இப்போது 2024 அங்கே நிற்கிறது; தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஏறக்குறைய 1.5 டிகிரி செல்சியஸ் கூடுதல்.

இந்தியாவில் நிலைமை வேறு. யேல் பல்கலைக்கழகமும் சி-வோட்டரும் நடத்தி 2022இல் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், புவி வெப்பமாதலைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை அல்லது கொஞ்சம்தான் தெரியும் என்றவர்கள் 54 சதவீதம். அது என்னவென்று சுருக்கமாக விளக்கிய பிறகு கேட்டபோது, நடந்துகொண்டிருக்கிறது என்றவர்கள் 84 சதவீதம். எடுத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்ளும் மக்கள் இவர்கள். சொல்ல வேண்டியவர்கள் போதுமான அளவு சொல்லவில்லை என்பதுதான் வருத்தம்.

எடுத்துச் சொல்ல உள்ளூர்க் கணக்கு வேண்டும். ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டம் அதற்கான முயற்சி. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் பெருமளவில் இதில் சேர்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு மரம். துளிர் விட்டதா, மொட்டு வைத்ததா, பூவா, காயா என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். சித்திரை விஷுவுக்குப் பூக்க வேண்டிய சரக்கொன்றை அதற்கு வெகு முன்பே பூத்து நிற்பது அந்தப் பதிவுகளில் வருகிறது. உறுதியாக முடிவு சொல்ல அந்தக் கணக்குக்கு இன்னும் வயதாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தும் யாரும் சேரலாம். வேம்பு, புங்கன், புளி, மா என எது பக்கத்தில் இருக்கிறதோ அது போதும். வாரம் ஒருமுறை, அதே மரத்தை, விடாமல் பார்க்க வேண்டும்.