அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறக்கட்டளை என்ன செய்ய வேண்டும்?



கோடை விடுமுறை முடியும் தறுவாயில் அறக்கட்டளைக்கு வருகிற கல்வி விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை. "பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்திருக்கிறோம். ஃபீஸ் கட்ட உதவ வேண்டும்" என்பதே அவற்றின் சாரம். கேட்பதில் தவறில்லை, பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்ற ஆசைதான் அந்தத் தாளை எழுத வைக்கிறது. ஆனால் அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து விண்ணப்பமே வருவதில்லை. "அங்கேதான் எல்லாம் இலவசமாயிற்றே, அறக்கட்டளையிடம் கேட்க என்ன இருக்கிறது?" என்று அவர்கள் நினைக்கிறார்கள். கேட்க நிறைய இருக்கிறது. அதை விளக்குவதற்காகவே இக்கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் 3 லட்சம் ரூபாய் இருந்தால் பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டலாம். அடுத்த ஆண்டு அதே பத்துப் பேருக்கு மறுபடியும் 3 லட்சம் வேண்டும். ஒரு வருடம் பணம் திரளாவிட்டால் அந்தப் பிள்ளைகள் நடுவழியில் நிற்பார்கள். அரசுப் பள்ளியிலோ கட்டணம், பாடநூல், சீருடை, மதிய உணவு எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. அதற்கு மேல் நாம் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் படிப்பின் மீதே விழும்.

ஊர் சேர்ந்து வளர்த்த பள்ளிகள்

பொதுப் பள்ளிக்கு ஊர் துணை நிற்பது நம் பகுதிக்குப் புதிதல்ல. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1956-இல், நமக்கு அருகிலுள்ள எட்டயபுரத்தில்தான் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. ஆரம்பத்தில் அது ஊரார் கொடையால் நடந்தது. பின்னர் அரசு மானியம் வந்தபோதும் ஒரு சாப்பாட்டுக்கு ஆகும் 10 காசில் 6 காசை அரசு கொடுத்தது. மீதி 4 காசு ஊரின் பொறுப்பு. 1958-இல் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. கல்வித் துறையின் இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு இம்மாநாடுகளை மாநிலமெங்கும் கொண்டு சென்றார். பள்ளிக்கு என்ன குறை என்று ஆசிரியர்கள் பட்டியல் எழுதுவார்கள். ஊர்மக்கள் ஆளுக்கொன்றை ஏற்றுக்கொள்வார்கள். ஒருவர் பெஞ்சு கொடுத்தார், ஒருவர் கரும்பலகை, ஒருவர் நிலம். பணம் இல்லாதவர்கள் உடலுழைப்பைக் கொடுத்தார்கள்.

அதே வழி இன்றும் வேறு பெயர்களில் தொடர்கிறது. 2022 டிசம்பரில் தமிழக அரசு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தைத் தொடங்கியது. எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று பார்த்து, முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அதன் மூலம் உதவலாம். நடிகர் சூர்யா 2006-இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010 முதல் 'விதை' என்ற திட்டத்தின் வழியே, பெரும்பாலும் அரசுப் பள்ளியில் படித்த ஏழை மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. விண்ணப்பம் வந்தால் தன்னார்வலர்கள் மாணவரின் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார்கள். தாளில் எழுதியதைவிட வீட்டு நிலைமை உண்மையைச் சொல்லும். பணம் கொடுத்ததோடு நில்லாமல், படிப்பு முடியும்வரை வழிகாட்டுவதும் அவர்கள் முறை.

பள்ளியை மாற்றும் முன்

பெற்றோர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடிந்ததும், "இனி முக்கியமான வகுப்பு" என்று சொல்லி, கடன் வாங்கியாவது பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறோம். அந்த ஒரு மாற்றத்தால் பிள்ளை இழக்கும் உரிமைகள் பல வீடுகளுக்குத் தெரிவதில்லை.

ஒன்று, 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு. 2020-இல் வந்த சட்டப்படி மருத்துவம், பல் மருத்துவம், சித்தா, யுனானி, ஹோமியோபதி போன்ற படிப்புகளிலும், 2021-இல் வந்த சட்டப்படி பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இந்த இடங்கள் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு நுணுக்கம்: அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. உதவி பெறும் பள்ளியில் படித்தவர்கள் இந்த ஒதுக்கீட்டில் வரமாட்டார்கள்.

இரண்டு, கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம். 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்காகத் தொடங்கியது. 2024 டிசம்பரில் தூத்துக்குடியில் நடந்த விழாவில், உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு இது 36,000 ரூபாய். 'பெண்பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை' என்று சொல்லும் வீட்டில் பஸ் செலவையும் புத்தகச் செலவையும் இந்தத் தொகையே பெரும்பாலும் தாங்கிவிடும்.

மூன்று, எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வு. அரசு, உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்பவர்களும், குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவர்களும் எழுதலாம். மனத்திறனில் 90 கேள்வி, படிப்பறிவில் 90 கேள்வி. தேர்ச்சி பெற்றால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய் கிடைக்கும். இடையில் தனியார் பள்ளிக்கு மாறினால் இதுவும் நின்றுவிடும்.

தனியார் பள்ளியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று அறிந்து முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறோம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம்; டி.சி. வாங்கும் முன் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெயரில் ஓர் எழுத்து

உரிமை இருந்தும் கையில் கிடைக்காமல் போவதற்கு, நம் சமுதாயத்தில் பெரிய காரணம் சான்றிதழ்கள்தான். ஆதாரில் 'முஹம்மது', பள்ளிப் பதிவேட்டில் 'முகமது', வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாக ஒரு 'மொஹமத்'. ஆங்கில எழுத்தில் எழுதும்போது இன்னும் பல வடிவங்கள். நமக்கு எல்லாம் ஒரே பெயர்தான். கம்ப்யூட்டருக்கு அவை வெவ்வேறு ஆட்கள். உதவித்தொகை நேராக வங்கிக் கணக்குக்கு வருவதால், பெயர் பொருந்தாவிட்டால் பணம் வந்த வழியே திரும்பிவிடும். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் தேர்வுத் துறைக்குப் போகும் முன் இதைத் திருத்துவது எளிது. மதிப்பெண் சான்றிதழ் அச்சாகி வந்தபின் திருத்த வேண்டுமானால் அலைச்சல்தான்.

அடுத்தது சாதிச் சான்றிதழ். தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு உண்டு. ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, தக்கனி, மாப்பிள்ளை, ஷேக், சையத், அன்சார், தூதேகுலா ஆகிய பிரிவினர் இதில் வருகின்றனர். சான்றிதழில் 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது. பிரிவின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்கி வையுங்கள். தொழிற்கல்விக் கலந்தாய்வில் கட்டணச் சலுகைக்கு அது தேவை. வருமானச் சான்றிதழைக் காலாவதி ஆகுமுன் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

சிறுபான்மையினருக்கான மத்திய அரசின் பள்ளி உதவித்தொகை 2022-23 முதல் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு நிறுத்தப்பட்டு, 9, 10-ஆம் வகுப்புகளோடு சுருங்கிவிட்டது. அந்தத் தொகையை நம்பியிருந்த வீடுகளில் நோட்டு, காலணி, பஸ் செலவு ஆகியவற்றுக்கே இப்போது தட்டுப்பாடு. அந்த இடைவெளியை அடைப்பது நம் போன்ற உள்ளூர் அறக்கட்டளையின் வேலை.

நாம் செய்யப்போவது

மேலே சொன்னவற்றையெல்லாம் மனதில் வைத்து, நமது அறக்கட்டளை கல்வி நிதியைப் பயன்படுத்த நினைக்கும் வழிகள் இவை:

1. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசு, உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் மஹல்லாப் பிள்ளைகளின் வீடுகளுக்குச் சென்று சான்றிதழ்களைச் சரிபார்ப்பது. பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்குப் பெண் தன்னார்வலர்களே வருவார்கள்.

2. இ-சேவை மையக் கட்டணம், வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்வரும் செலவு ஆகியவற்றை இயலாதவர்களுக்கு ஏற்பது. பல வீடுகளில் தடையாக இருப்பது அந்தச் சில நூறு ரூபாயும், போய்வர ஆள் இல்லாமையும்தான்; ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க எல்லோராலும் முடியாது.

3. ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். பயிற்சி. மாலை மதரஸா முடிந்தபின், வாரம் இரண்டு நாள். சில நூறு ரூபாய்ப் புத்தகம் 48,000 ரூபாய்க்கு வாசல் திறக்கும்.

4. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம், கலந்தாய்வுக்குப் போகும் பயணச் செலவு, முதல் மாத விடுதிச் செலவு. அரசுத் தொகை வந்து சேரும்வரை உள்ள இந்த ஒன்றிரண்டு மாதத்தில்தான் பல பையன்கள், "ஒரு வருஷம் வேலை பார்த்துட்டுப் படிக்கிறேன்" என்று சென்னையில் கடை வேலைக்கு ரயிலேறுகிறார்கள். அந்த ஒரு வருஷம் பெரும்பாலும் முடிவதே இல்லை.

5. பள்ளிக்கே தேவையானவை. எதைக் கொடுப்பது என்று நாம் முடிவு செய்வதைவிடப் பள்ளி மேலாண்மைக் குழுவிடம் கேட்பதே முறை. கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். நம் வீட்டு உம்மாமார்கள் அதில் இடம்பெற முன்வர வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா என்பதைக் கேட்க, பெண்பிள்ளையைப் பெற்றவரைவிடப் பொருத்தமானவர் யார்?

எந்தப் பணம் எதற்கு

ஜகாத்தும் ஸதகாவும் தனித்தனிக் கணக்கில் இருக்கும். ஜகாத் பெறத் தகுதியுள்ள ஏழை மாணவர் கைக்கே ஜகாத் போய்ச் சேரும். கட்டடம், மின்விசிறி, குடிநீர் இயந்திரம் போன்ற பொதுத் தேவைகளுக்கு ஜகாத்தைச் செலவிடுவதைப் பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆகவே பள்ளிக்கான செலவு ஸதகாவிலிருந்து மட்டுமே. அந்த உதவி பள்ளியிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவானது. உவரியில் கப்பல் மாதா ஆலயத்துக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும், சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்குப் போகும் வீட்டுப் பிள்ளையும், பள்ளிவாசலுக்கு வரும் நம் பிள்ளையும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். தண்ணீர்க் குழாய்க்கு மார்க்கம் கிடையாது.

உதவி பெறும் பிள்ளைகளை மேடையேற்றிப் புகைப்படம் எடுப்பதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மானம் பெரிது. வாங்கும் கை கூசாதபடி கொடுப்பதுதான் கொடுக்கும் அழகு. கணக்கு மட்டும் ஆண்டுதோறும் ஜமாஅத்தார் முன் வைக்கப்படும். அதில் தொகை இருக்கும், பெயர் இருக்காது.

பெற்றோர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். இந்த வாரமே பிள்ளையின் ஆதார், பள்ளி அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒரு பாயில் பரப்பி வைத்து, மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா, பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும், வாரத்தில் இரண்டு மணி நேரம் தர முடிந்தால், பெயர் கொடுங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.